காற்றில்லாப் பையும் அடுக்களைக் கணக்கும்

பெரிய நகரங்களில் வீட்டுப் பாவனைப் பொருள்களை விற்கும் கடைகளிலே, தடித்த கண்ணாடித்தாள் போன்ற பைகளும் பைச் சுருள்களும் இப்பொழுது அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இறைச்சியையோ மீனையோ பருப்பையோ அப்பையிலிட்டு, ஒரு சிறு பொறியின் வாயிற் கொடுத்தால், பொறி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பையின் வாயைச் சூட்டினால் ஒட்டிவிடுகின்றது. ஒரு சுருள் மலிவு. அருகிலுள்ளது அதனிலும் இருமடங்கு விலை. ஒன்று வழவழப்பானது, மற்றொன்றின் ஒரு புறம் வலைபின்னியதுபோலச் சொரசொரப்பானது. எதனை வாங்குவது என்னும் ஐயம் இல்லத்தரசிக்கு எழுவது இயல்பே. கடைக்காரரைக் கேட்டால் அவர் விலையைச் சொல்வார். பையின் வரலாற்றைக் கேட்டால் அது வேறு சில செய்திகளையும் சொல்லும். காற்றை அகற்றி வைத்த உணவு கெடாமலிருப்பது ஏன் என்னும் கேள்விக்கு அறிஞர் உலகம் ஒருமுறை தவறான விடையைக் கண்டு, அதனை ஐம்பது ஆண்டுகள் வரையில் நம்பியிருந்தது. அப்பழைய தவறு பல அடுக்களைகளிலே இன்னமும் உயிரோடிருக்கின்றது.

காற்றை வெளியேற்றும் கலை ஜேர்மனியிலே தோன்றியது. மக்டபேர்க் நகரின் தலைவராயிருந்த ஒட்டோ வொன் கெரிக்கே என்பார், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளிப்பம்பி ஒன்றை ஆக்கி, 1654ஆம் ஆண்டில் ரேகன்ஸ்பூர்க் நகரிலே பேரரசர் முன்னிலையில் அதன் திறத்தைக் காட்டினார். இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை அகற்றியபின், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுப்பித்த அவருடைய பரிசோதனை பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த கதை. அக்கோளங்களை அத்துணை இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்தது உள்ளேயிருந்த வெற்றிடமன்று. வெளியே சூழ்ந்திருந்த வளிமண்டலத்தின் அழுத்தமே. இன்று பையிலிட்ட இறைச்சியின்மேல் பை தோல்போல ஒட்டிக்கொள்வதும் அவ்வழுத்தத்தினாலேயே.

இங்கிலாந்திலே ரொபேட் பொயிலும், அவருக்குத் துணையாயிருந்த தெனி பப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரரும் இப்பம்பியை உணவின்பாற் திருப்பினர். பழங்களையும் இறைச்சியையும் கண்ணாடிக் கலங்களில் இட்டுக் காற்றை அகற்றி, அவை எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்தனர். இதே பப்பேன் 1679ஆம் ஆண்டில் வேறொரு கலத்தையும் ஆக்கினார். இறுக மூடிய மூடியின்கீழே நீராவியை அடைத்து, எலும்பையும் மெழுகுபோல் மென்மையாக்கிய கலம் அது. இன்றைய பிறெஷர் குக்கரின் பாட்டன் எனலாம். காற்றில்லாக் கலமும் ஆவியழுத்தக் கலமும் ஒரே மனிதரின் கையிலே இருந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததை அவரோ மற்றெவரோ அறிவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

உணவை அடைத்துக் காக்கும் முறையை உலகுக்குக் கொடுத்தவர் விஞ்ஞானியல்லர். இனிப்புப் பண்டம் செய்த ஒரு கைவினைஞர். நிக்கொலா அப்பேர் 1749ஆம் ஆண்டிலே பிரான்சின் ஷாம்பெய்ன் நாட்டிற் பிறந்தவர். பாரிசிலே பண்டக்கடை வைத்திருந்த காலத்தில், சர்க்கரையும் உப்பும் வினாகிரியும் சேர்த்துக் காக்கும் உணவு அதன் இயற்கைச் சுவையை இழந்துவிடுவதைக் கண்டு மனம் வருந்தினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கிப் பல ஆண்டுகள் சலியாது பரிசோதனை செய்தார். தடித்த கண்ணாடிப் போத்தல்களிலே பட்டாணியையும் அவரையையும் இறைச்சிச் சாற்றையும் பாலையும் நிரப்பினார். பல அடுக்காக ஒட்டிய தக்கையினால் வாயை இறுக்கினார். தக்கையைக் கம்பியாற் கட்டினார். ஒவ்வொரு போத்தலையும் ஒரு முரட்டுத் துணிப்பைக்குள் இட்டு, நீர் நிறைந்த கொப்பரையில் இறக்கிக் கொதிக்கவைத்தார். கொதிக்கும்போது போத்தல்கள் ஒன்றோடொன்று மோதி உடையாதிருக்கவும், உடைந்தால் துண்டுகள் சிதறாதிருக்கவுமே அத்துணிப்பை. உணவைக் காக்கும் வரலாற்றில் பை முதலில் நுழைந்த வழி இதுவாயின் அது வேடிக்கையானதே.

பிரெஞ்சுக் கடற்படையினர் அப்போத்தல்களைக் கப்பல்களில் ஏற்றிச் சோதித்தனர். மாதக்கணக்கிற் கழிந்தும் அவரை பசுமையாகவே இருந்தது. 1810ஆம் ஆண்டில் அரசாங்கம் அப்பேருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. நெப்போலியன் அறிவித்த போட்டியிலே அவர் பரிசு வென்றார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. நடந்தது அதனினும் சிறப்பானது. ஆக்கவுரிமை பெற்றுத் தனியே பொருளீட்டுதல், அல்லது அரசின் கொடையைப் பெற்று முறையை யாவரும் அறிய வெளியிடுதல், இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கிருந்தது; அவர் வெளியிடுதலைத் தெரிந்துகொண்டார். அவ்வாண்டிலேயே அவருடைய நூல் வந்தது. எந்த வீட்டிலும் எவரும் செய்யத்தக்க மொழியிலே அஃது எழுதப்பட்டிருந்தது. மாசி என்னும் ஊரில் இருந்த அவருடைய தொழிற்சாலை 1814ஆம் ஆண்டுப் படையெடுப்பிலே பாழாயிற்று. 1841இல் அவர் வறியவராகவே இறந்து, பொதுக்குழியிலே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்பேருடைய போத்தலில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. ஒன்று, கொதிநீரின் வெப்பம் உள்ளே பாய்ந்தது. மற்றொன்று, காற்று விலக்கப்பட்டது. உணவைக் காத்தது இவற்றுள் எது? வெப்பத்தின் செயலையே அப்பேர் முதன்மையாகக் கருதினார். ஆனால் அவர் படிப்பாளியல்லர். ஆகவே அரசாங்கத்தார் அக்காலத்தின் பேர்பெற்ற இரசாயன அறிஞரான கே-லுசாக்கிடம் வினவினர். அவர் போத்தல்களைத் திறந்து உள்ளிருந்த வாயுவைச் சோதித்தார். ஒட்சிசன் இல்லை. எனவே, ஒட்சிசன் இன்மையே உணவு கெடாமைக்குக் காரணம் என்று 1810ஆம் ஆண்டிலே முடிவு கூறினார். சோதனை சரியானது, முடிவு பிழையானது. பெரியவர் ஒருவர் கூறிய பிழைக்கு ஆயுள் அதிகம். பண்டக்கடைக்காரர் கையினால் அறிந்திருந்ததை ஆய்வுகூடம் அரை நூற்றாண்டுக்கு மறைத்துவிட்டது.

மறைப்பை நீக்கியவர் லூயி பாஸ்டர். அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த குழாயையுடைய குடுவையில் இறைச்சிச் சாற்றைக் கொதிக்கவைத்து விட்டார். குழாயின் வழியே காற்று தாராளமாக உட்சென்றது. ஆயினும் காற்றிலிருந்த தூசி வளைவிலே தங்கிவிட்டது. சாறு கெடவில்லை. எனவே உணவைக் கெடுப்பது காற்றன்று. காற்றிற் பறந்துவரும் நுண்ணங்கிகளே என்பது தெளிவாயிற்று. அதே காலத்தில், அதாவது 1861ஆம் ஆண்டில், அவர் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பைப் பொதுமக்கள் அத்துணை நினைவில் வைக்கவில்லை. சில நுண்ணங்கிகள் ஒட்சிசன் இல்லாத இடத்திலே வாழ்கின்றன. ஒட்சிசன் பட்டால் அவை தளர்ந்துவிடுகின்றன. காற்றை அகற்றுதல் அவற்றுக்குத் தண்டனையன்று, விருந்து.

இவ்விருந்தாளிகளுள் மிகக் கொடியது எது என்பதை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வைத்தியர் மோப்பம் பிடித்திருந்தார். ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் நாட்டிலே, புகையூட்டிய இறைச்சிக் குழல்களை உண்டவர்கள் இடையிடையே விநோதமான நோயினால் இறந்தனர். கண்ணிமை சாயும், பார்வை இரட்டிக்கும், விழுங்கமுடியாது போகும், ஈற்றிலே மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும், அறிவு மட்டும் இறுதிவரை மங்காதிருக்கும். யுஸ்தினஸ் கேர்னர் என்னும் வைத்தியர், கவிஞராகவும் புகழ்பெற்றவர், இந்நோயாளரைப் பற்றிய குறிப்புக்களைத் திரட்டி 1820இலும் 1822இலும் நூல்களாக வெளியிட்டார். நஞ்சைத் தம் நாவிலேயே இட்டும் பார்த்தார். காற்றுப் புகாதவாறு இறுக அடைத்த குழலிலேயே இந்நஞ்சு விளைகின்றது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. நுண்ணங்கிகளே நோயை விளைக்கும் என்னும் கருத்து நிலைபெறாத காலத்தில் எழுந்த எச்சரிக்கை அது.

1895ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் சிற்றூரில் ஒரு மரணச் சடங்குக்கு வாத்தியம் இசைக்க வந்த குழுவினர், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். 34 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கென்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அவ்விறைச்சியையும் இறந்தோர் உடலையும் ஆராய்ந்து, காற்றில்லா இடத்தில் வளரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என இன்று வழங்கப்படுவது அதுவே. குழல் இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து நோய்க்குப் பொட்டுலிசம் என்னும் பெயர் அமைந்தது. மண்ணிலும் நீரடியிலும் இதன் வித்திகள் எங்கும் கிடக்கின்றன. கொதிநீரின் வெப்பத்தையும் அவ்வித்திகள் மணிக்கணக்கிற் தாங்கவல்லன. அமெரிக்காவிலே 1919, 1920ஆம் ஆண்டுகளிற் போத்தலிலடைத்த ஒலிவ் காய்களால் பலர் இறந்தபின் நடந்த ஆய்வுகளே, 121 பாகை வெப்பத்தில் வித்திகள் சில நிமிடங்களில் அழியும் என்று 1922இல் நிலைநாட்டின. திறந்த பானையில் அவ்வெப்பம் கிட்டாது. மூடிய ஆவிக்கலத்திலேயே கிட்டும். பப்பேனுடைய இரண்டு கலங்களும் அப்பொழுதே ஒன்றையொன்று கண்டுகொண்டன.

இதற்கிடையில் அப்பேரின் கலை வீடுகளிலும் புகுந்திருந்தது. தகரப்பேணி 1810இல் இலண்டனில் ஆக்கவுரிமை பெற்றது. ஆயினும் அது தொழிற்சாலைக்கு உரியது, இல்லத்துக்கு உரியதன்று. இல்லத்தரசிக்குக் கிடைத்தது கண்ணாடிச் சாடி. நியூயோர்க்கில் தகர வேலை செய்த ஜோன் லாண்டிஸ் மேசன், புரி வெட்டிய வாயும் திருகுமூடியும் உடைய சாடிக்கு 1858ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். ஜேர்மனியில் இரப்பர் வளையமும் கண்ணாடி மூடியும் கொண்ட சாடியை யோகான் வெக் என்பார் பரப்பினார். 1900ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு கம்பனி எழுந்தது. 1907இல் ஜேர்மன் அகராதியிலே அவருடைய பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஏறிவிட்டது. சூட்டினால் சாடியிலுள்ள காற்று வெளியேறும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியைக் கீழே இழுக்கும். பம்பி தேவையில்லை, அடுப்பே பம்பி. சாடியோ பல தலைமுறைக்குப் பயன்படும். மலிவைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒருமுறை வாங்கிய சாடியை மறந்துவிட்டுப் பையை மட்டும் புகழ்தல் நேர்மையாகாது.

பையின் கதை 1930களிலே பிரான்சில் மீண்டும் தொடங்குகின்றது. இரப்பர்ப் பாலினாற் செய்த மெல்லிய பையில் இறைச்சியை இட்டு, காற்றை இழுத்து, வாயைக் கட்டி, வெந்நீரில் ஒருமுறை தோய்த்தால் பை சுருங்கி இறைச்சியோடு ஒட்டிக்கொண்டது. அம்முறையை வாங்கிய ஓர் அமெரிக்கக் கம்பனி, உறைந்த வான்கோழிகளை அவ்வாறு பொதிந்து விற்றது. உறைகுளிரிலே திறந்து வைத்த இறைச்சி, ஈரத்தை இழந்து சருகுபோல் வெளிறிவிடும். பை அதனைத் தடுத்தது. இரப்பர் விலையுயர்ந்தது, போர்க்காலத்தில் அரிதானதுங்கூட. அதன் இடத்தைப் பிடிக்க இரண்டு புதிய பொருள்கள் காத்திருந்தன. இரண்டும் 1933ஆம் ஆண்டிலே, எவரும் தேடாதிருக்கையில் அகப்பட்டவை.

இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுகூடத்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் போசெற் என்னும் இருவர், எதிலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வேறொரு பொருளோடு கூட்ட முயன்றனர். கலத்தின் அடியில் மெழுகுபோன்ற வெண்பொருள் ஒன்று எஞ்சியது. அதுவே பொலித்தீன். போர்க்காலத்தில் ரேடார்க் கருவிகளின் வடங்களுக்கு உறையாகிய அப்பொருள், போர் முடிந்தபின் அடுக்களைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலே, டௌ கம்பனியின் ஆய்வுகூடத்திற் கண்ணாடிக் கலங்களைக் கழுவிய ரால்ப் வைலி என்பவர், எவ்வாறு தேய்த்தும் போகாத ஒரு படிவைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது சரான். உணவைச் சுற்றும் மெல்லிய தாளாக 1953இல் அது வீடுகளுக்கு வந்தது.

இவற்றின் இயல்பை அறிந்தால் இன்றைய கடையில் நிற்பவருக்குப் பாதிக் குழப்பம் தீரும். பொலித்தீன் ஈரத்தை நன்கு தடுக்கும், சூட்டினால் எளிதில் ஒட்டும், விலையும் குறைவு. ஆனால் ஒட்சிசன் அதனூடாக மெல்ல நுழைந்துவிடும். கண்ணுக்குத் துவாரம் தெரியாது, பையும் ஒழுகாது, ஆயினும் வாரங்கள் செல்லச் செல்ல வெளிக்காற்றின் ஒட்சிசன் உள்ளே சேர்ந்துவிடும். நைலோன் இதற்கு நேர்மாறு: ஒட்சிசனைப் பொலித்தீனிலும் பன்மடங்கு தடுக்கும், முள்ளும் எலும்பும் எளிதிற் கிழிக்கமாட்டா, ஆனால் தாழ்ந்த சூட்டில் ஒட்டாது. ஆகவே வெளியே நைலோனும் உள்ளே பொலித்தீனுமாக இணைத்த படலத்தைக் கைத்தொழிலாளர் ஆக்கினர். இன்று நல்ல பை என்று விற்கப்படுவது பெரும்பாலும் இவ்விணைப்பே. வெறும் பொலித்தீன் பையும் பார்வைக்கு அதனை ஒத்திருக்கும். எனவே விலைச்சீட்டுக்கு முன்னர், பை எப்பொருளால் ஆனது என்று பொதியில் எழுதியிருப்பதைப் படித்தல் வேண்டும். எதுவும் எழுதாத பொதியை விட்டுவிடலாம்.

இறைச்சி வாணிகம் இப்பைகளினால் உருமாறிற்று. அமெரிக்காவின் ஒரு பெரிய இறைச்சிக் கம்பனி 1967ஆம் ஆண்டு முதல், முழு உடலைக் கொக்கியில் தொங்கவிட்டு அனுப்புவதற்குப் பதிலாக, வெட்டிய பாகங்களைக் காற்றகற்றிய பையிலிட்டுப் பெட்டிகளில் அனுப்பலாயிற்று. அப்பைகளிலே இறைச்சி செந்நிறமின்றிக் கருஞ்சிவப்பாக இருக்கும். இறைச்சியின் நிறப்பொருள் ஒட்சிசனோடு கூடியபோதே பளிச்சென்ற சிவப்பைப் பெறுகின்றது. பையைத் திறந்து வைத்தாற் சிறிது நேரத்திற் சிவப்பு மீளும். வீட்டில் பையிலிட்ட இறைச்சி கறுத்ததென்று எறிந்துவிடுவோர் இதனை அறியாதவர்.

பையின் வெற்றியோடு பழைய எச்சரிக்கையும் திரும்பி வந்தது. 1963ஆம் ஆண்டிலே, அமெரிக்கப் பேரேரிகளிற் பிடித்துப் புகையூட்டிய மீன், காற்றகற்றிய பிளாத்திக்குப் பைகளில் தென்மாநிலங்களுக்குச் சென்றது. வழியிற் போதிய குளிர் இருக்கவில்லை. உண்டவர்களுட் சிலர் பொட்டுலிசத்தினால் இறந்தனர். மீன் நாறவில்லை, பூஞ்சணமும் பிடிக்கவில்லை. கெட்டுவிட்டதென்று மூக்குக்கும் கண்ணுக்கும் அறிவிக்கின்ற சாதாரண நுண்ணங்கிகள் ஒட்சிசன் இன்மையால் அடங்கிப்போக, அறிவிக்காத ஒன்று மட்டும் தனியரசு செய்தது. மீனில் தங்கும் அவ்வினம் ஏறத்தாழ 3 பாகை வெப்பம் வரையில் மெல்ல வளரவல்லது. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியிலும் அதற்கு இடமுண்டு. கே-லுசாக்கின் பிழை அங்கே உயிர்களை வாங்கியது எனலாம். ஒட்சிசன் இல்லையாயின் உணவு கெடாது என்னும் நம்பிக்கையே, அம்மீனைக் குளிரின்றி அனுப்பும் துணிவைக் கொடுத்தது.

தொழிற்சாலைக்குரிய பம்பி வீட்டு மேசைக்கு வந்தது பின்னரே. தொழிற்சாலைப் பொறி முழுப்பையையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டியிலுள்ள காற்றையே அகற்றும். அதற்கு வழவழப்பான பை போதும். வீட்டுப் பொறி பையின் வாயை மட்டும் கவ்வி உறிஞ்சுவது. வழவழப்பான பையை அதிலிட்டால், முதல் இழுப்பிலேயே பையின் இரு புறங்களும் ஒட்டிக்கொண்டு, ஆழத்திலுள்ள காற்றுக்கு வழியடைத்துவிடும். இத்தடையைக் கடக்க, பையின் உட்புறத்திற் சிறு மேடுபள்ளங்களைப் பதித்து, அப்பள்ளங்களின் வழியே காற்று ஓடிவரச் செய்யும் முறையை 1980களில் ஹான்ஸ் கிறிஸ்டன் என்பார் அமெரிக்காவில் வீட்டுப் பொறியோடு இணைத்தார். ஆக்கவுரிமை நிலவிய காலத்தில் அப்பையின் விலை உயர்ந்தே இருந்தது. பொறியை ஒருமுறை வாங்கியவர் பையைப் பலமுறை வாங்கவேண்டியிருந்தது. உரிமைக்காலம் முடிந்தபின் பல நாட்டினரும் அவ்வகைப் பையைச் செய்யத் தொடங்கவே விலை இறங்கிற்று. ஆகவே பொறியின் பெயர் பொறித்த பையையே வாங்கவேண்டுமென்ற கட்டாயம் இன்று இல்லை. அகலம் பொறியின் வாய்க்குப் பொருந்தி, உட்புறம் மேடுபள்ளமாய், நைலோனும் பொலித்தீனும் இணைந்ததாய் இருப்பின் பெயரில்லாப் பையும் அதே வேலையைச் செய்யும். பெட்டிப்பொறி வைத்திருப்பவருக்கு வழவழப்பான பையே மலிவு. உறிஞ்சுபொறி வைத்திருப்பவர் மலிவென்று அதனை வாங்கினால் பணம் நட்டம்.

தடிப்பு இன்னொரு கணக்கு. ஏறத்தாழ 75 மைக்கிரோன் தடிப்புள்ள பை பொதுவான பாவனைக்குப் போதும். எலும்புள்ள இறைச்சிக்கும் முள்ளுள்ள மீனுக்கும் 100 மைக்கிரோன் நல்லது. அல்லது எலும்பு முனையிலே தடித்த கடதாசியை மடித்து வைத்தால் மெல்லிய பையும் தாங்கும். வெட்டிய பைகளிலும் சுருளே பெரும்பாலும் மலிவு. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் இட்ட பையைச் சற்று நீளமாக வெட்டினால், வாயை நறுக்கித் திறந்து, கழுவி உலர்த்தி, மீண்டும் இரண்டு மூன்று முறை ஒட்டலாம். பச்சை இறைச்சியும் மீனும் இட்ட பைக்கு அச்சிக்கனம் ஆகாது.

ஆயினும் உலர்ந்த தானியத்துக்குப் பொறிதான் வேண்டுமா என்பதும் கேட்கத்தக்கதே. உரோம நாட்டு அறிஞர் வாரோ, கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலிலே, நிலத்தடிக் குழிகளிற் காற்றுப் புகாமல் மூடிய கோதுமை ஐம்பது ஆண்டு தாங்கும் என்று எழுதினார். குழியைத் திறந்தவுடன் உள்ளே இறங்காதீர், மூச்சடைத்து இறந்தோர் உண்டு என்றும் எச்சரித்தார். தானியமும் அதிலிருந்த பூச்சிகளும் மூச்சுவிட்டுக் குழியின் ஒட்சிசனைத் தாமே தீர்த்துவிட்டன. பம்பியின்றியே குழி வெறுமையாயிற்று. இம்முறையை நம் காலத்திற் பைக்குள் கொணர்ந்தவர், அமெரிக்கப் பேர்டியூ பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் அறிஞர் லரி மேர்டொக். மேற்காபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் ஏழை உழவர் விளைவிக்கும் கௌபிப் பயற்றை வண்டு சில மாதங்களிலேயே தூளாக்கிவிடும். வண்டுக்கு அஞ்சி, விலை குறைந்த அறுவடைக் காலத்திலேயே விற்றுவிடுவார் உழவர். விலை ஏறியபின் அதே பயற்றை அவரே வாங்கி உண்பார். 1987 முதல் கமரூன் நாட்டிலே நடந்த ஆய்வுகளின் பயனாக, இரண்டு தடித்த பொலித்தீன் பைகளை ஒன்றினுள் ஒன்றாக இட்டு, அவற்றை நெய்த சாக்கினுள் வைத்து, வாய்களை முறுக்கிக் கட்டும் முறை உருவாயிற்று. உள்ளிருக்கும் வண்டுகளே ஒட்சிசனை உண்டு தீர்க்கின்றன. தீர்ந்தபின் அவை இரையெடாமல் வறண்டு மடிகின்றன. உணவிலிருந்து நீரை உண்டாக்குவதற்கும் அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும் என்பது பின்னரே தெரியவந்தது. மருந்தில்லை, மின்சாரமில்லை. நைஜரிலும் நைஜீரியாவிலும் அண்டை நாடுகளிலும் அச்சாக்கு இப்பொழுது சந்தைப்பொருள்.

வீட்டிலும் ஏறத்தாழ இதே கணக்கே. நன்கு உலர்ந்த பருப்பும் மிளகாயும் ஒரு மாதத்துள் தீர்ந்துவிடுமாயின் இறுகிய மூடியுள்ள போத்தலே போதும். மாதக்கணக்கில் உறைகுளிரில் வைக்கும் இறைச்சிக்கும் மீனுக்கும் விலைகொடுத்த பை தகும். ஈரமான பண்டத்தைப் பையிலிட்டு அலுமாரியில் வைப்பதற்கு எந்த விலைப் பையும் உதவாது. நம்மவர் மாங்காய் ஊறுகாயின்மேல் நல்லெண்ணெய் ஊற்றிக் காற்றை மறைக்கின்றனர். அங்கே புளிப்பும் உப்பும் காவல் நிற்கின்றன. பச்சை உள்ளியை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்தால் அக்காவல் இல்லை. 1985ஆம் ஆண்டிலே கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயிலிட்ட உள்ளியை உண்ட பலர் பொட்டுலிசத்துக்கு ஆளாயினர். உரித்த உள்ளிக்கும் காளானுக்கும் அவித்த கிழங்குக்கும் பையிலும் அதே விதியே: குளிரின்றி வைத்தலாகாது.

உறைந்த மீனை இளகவைக்கும் வேளைக்கு அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அறிஞர் ஒரு முறை கூறுகின்றனர். மீனை உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்குமுன், கத்தரிக்கோலினாற் பையின் வாயை வெட்டித் திறந்துவிடல் வேண்டும். இத்தனை செலவில் வெளியேற்றிய காற்று அப்பொழுது மீண்டும் உள்ளே செல்கின்றது.